கை சுத்தமானவன்

அவனை வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். டைல்ஸ் ஒட்டுகிறவன். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, நடுவில் நீர்க்குமிழி ஓடுகிற ஒரு கட்டை வைத்திருப்பார்களே, அதன் பெயர்தான் ரசமட்டம். அதை அவனுக்குச் சூட்டியவன் மச்சினன். சூட்டிய நாளிலிருந்து பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் கோணலாக எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கை துறுதுறுக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் சாய்ந்து தொங்குகிற படத்தை நேராக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவான். ஈ காக்கை இல்லாத சாலையில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டுப் பச்சைக்காகக் காத்திருப்பான். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, "ஏங்க, நான் இறங்கி நடந்திருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போய் உலை வச்சிருப்பேன்" என்பாள்.

இப்படிப்பட்ட மனிதனுக்குத்தான், தான் எந்தக் குற்றமும் செய்யாதவன் என்று போலீஸில் ஒரு சான்றிதழ் வாங்குவது பெரும்பாடாகிப் போனது.

மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ரத்தம் எடுப்பது, சோதிப்பது, முடிவு எழுதுவது. இரண்டு வருடமாகப் பரீட்சை எழுதி, போனில் நேர்காணல் கொடுத்து, கடைசியில் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. கணவனையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள். ஆனால் இருவரும் குற்றப் பின்னணி இல்லாதவர்கள் என்று போலீஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதற்குப் பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும்.

அவளுக்குத்தான் கவலை. எப்போதோ ஒருமுறை நடுரோட்டில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரரோடு அரைமணி நேரம் வாக்குவாதம் செய்தவள் அவள். அதை எங்கேயாவது எழுதி வைத்திருப்பார்களோ என்று பயம். "எனக்கு வரலைன்னா நீங்க மட்டும் போய் என் வேலையைப் பாருங்க. ஊசி குத்தக் கத்துத் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கைரேகைப் பிரிவு, போலீஸ் அலுவலகத்தின் மாடியில் கடைசி அறை. ஜன்னலில் பாதி கண்ணாடி, பாதி அட்டை. மேசைமேல் ஒரு மெஷின், அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடிச் சதுரம். அதற்குப் பின்னால், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஒரு போலீஸ் அம்மா உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறும் வயது. அந்த அறைக்கு வருகிறவர்களின் முகத்தைவிட விரல்களைத்தான் முதலில் பார்ப்பார்.

மனைவி விரல்களை வைத்தாள். பத்துக்கும் பச்சை விளக்கு எரிந்தது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்து ரசமட்டம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விரலை வைத்தான். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு. "நல்லா அழுத்துங்க தம்பி" என்றார் போலீஸ் அம்மா. மெஷின் உடைந்துவிடுமோ என்கிற அளவுக்கு அழுத்தினான். சிவப்பு. பிறகு அவரே எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"டைல்ஸ் ஒட்டுறேங்க."

"அதானே பார்த்தேன். சிமெண்டும் ஆசிடும் மொத்தத்தையும் தின்னுடுச்சு. விரல் இருக்கு, ரேகை இல்லை."

"நான் எந்தத் தப்புதண்டாவுக்கும் போனதில்லை மேடம். நீங்க எங்க வேணும்னாலும் விசாரிச்சுக்கங்க."

"தம்பி, நீங்க தப்பு பண்ணலைன்னு நான் எழுதிக் கொடுக்கணும்னா, நீங்கதான் நீங்கன்னு முதல்ல எனக்குத் தெரியணும். இந்த விரலை வச்சுக்கிட்டு நீங்க நாளைக்கே ஒரு பேங்க்ல புகுந்து அள்ளிட்டுப் போனாலும் எங்களால கண்டுபிடிக்க முடியாது."

மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரசமட்டத்துக்குக் காது சிவந்தது. ஒரு மாதம் சிமெண்ட் பக்கமே போகக்கூடாது, தண்ணீரில் அதிகம் கை வைக்கக்கூடாது, ராத்திரியில் க்ரீம் தடவிக் கையுறை போட்டுக்கொண்டு தூங்க வேண்டும், தோல் தானாக வளரும், அப்புறம் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் போலீஸ் அம்மா.

படியிறங்கும்போதே மனைவி ஆரம்பித்துவிட்டாள். "நாலு வருஷமா குடும்பம் நடத்தறேன். இவ்வளவு பெரிய திறமையை உள்ள வச்சுக்கிட்டு, போயும் போயும் பாத்ரூம் தரையைப் போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்களே!"

செய்தி மச்சினனுக்குப் போகாமல் இருக்குமா? போனது. அவன் முடி திருத்தும் கடை வைத்திருப்பவன். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. மறுநாளே ரசமட்டத்தைக் கடைக்கு வரவழைத்து, சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, வெதுவெதுப்பான நீரில் இரண்டு கைகளையும் ஊறப்போட்டான். முகச்சவரத்துக்குக் காத்திருந்த நாலு பேரும் இதை வேடிக்கை பார்த்தார்கள்.

"யாருப்பா இது, மாப்பிள்ளையா? இன்னிக்குக் கல்யாணமா?" என்றார் ஒருவர்.

"இல்லண்ணே, எங்க மாமா. ரொம்பக் கை சுத்தமானவர். அளவுக்கு மீறி சுத்தமாயிடுச்சு, அதான் பிரச்சனை" என்றான் மச்சினன்.

கடை முழுக்கச் சிரித்தது. ரசமட்டம் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு அவனைத் தொடவில்லை. கண்ணாடியின் இடது மூலை ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. கை தண்ணீரில் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டில் கெடுபிடி இன்னும் அதிகம். பாத்திரம் தேய்க்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. ராத்திரியில் வெள்ளைப் பருத்திக் கையுறை. அதைப் போட்டுக்கொண்டு படுக்கையில் மல்லாந்து கிடந்தால், மனைவி எழுந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, "வாயில ஒரு விசில் வச்சா நடுரோட்டுல நின்னு டிராஃபிக்கைப் பார்த்துக்கலாம்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சோதனை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் அவன் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, தன் பரிசோதனைக்கூடத்தில் எப்படிப் பார்ப்பாளோ அதே முகத்தோடு ஒவ்வொரு விரலாகப் பார்ப்பாள்.

"ஆள்காட்டி விரல்ல லேசா கோடு தெரியுது. மோதிர விரல் சோம்பேறி. கட்டை விரல் உங்களை மாதிரியே, ஒண்ணும் வெளியில சொல்லாது."

அவனும் சிரிப்பான். அவள் கேலி பேசினால்தான் அந்த வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி இருக்கும். ஆனால் அவள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு பகல் நீளும். பதினெட்டு வயதிலிருந்து சும்மா இருந்தறியாதவன். அலமாரியில் இருந்த டம்ளர்களை உயர வாரியாக அடுக்கினான். மறுநாள் நிற வாரியாக அடுக்கினான். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டான். கையில் எண்ணெய் பட்டால் நல்லதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கீல்களுக்கும் விட்டுவிட்டு வந்தான்.

ஏற்றுக்கொண்ட வேலைகளை எல்லாம் அவன் வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டிருந்தான். ஒன்றே ஒன்றுதான் பாதியில் நின்றது. இரண்டு தெரு தள்ளி, பணி ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மாவின் வீடு. தனியாக இருப்பவர். குளியலறையில் பழைய தரையைப் பெயர்த்துப் போட்டாகிவிட்டது, புதியது போடவில்லை. அதற்கு ஏற்பாடு செய்த ஆள் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தான். டீச்சரம்மா போனில் கோபப்படவே இல்லை. "பரவாயில்லப்பா, பலகை போட்டு அதுமேல நின்னு குளிச்சுக்கிறேன். விழுந்தா உனக்குச் சொல்லி அனுப்பறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும்.

சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனான். டைல்ஸ் பெட்டிகள் பிரிக்காமல் இருந்தன. பிரித்தால்தானே உடைசல் இருக்கிறதா என்று தெரியும். பிரித்தான். ஒரு வரிசையை வெறுமனே அடுக்கிப் பார்த்தான். அப்புறம், இந்த ஒரு வரிசையை மட்டும் ஒட்டிவிட்டால் பலகை ஆடாதே என்று தோன்றியது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு ஆரம்பித்தான். ரப்பர் கையுறையில் விளிம்பின் மட்டம் விரலுக்குத் தெரியவில்லை. வலது கையுறையைக் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் இடது கையுறையும் தரையில் கிடந்தது.

அன்றிலிருந்து தினமும் போனான். பகலில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். கேட்டால் பூங்காவுக்கு நடக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லி வைத்தான். அவன் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய். அதனால் சரியாகச் சொல்ல வரவில்லை. "பார்க்குக்குப் போயிட்டு வந்தேன்" என்பதை ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு நாளும் ஒரே ராகத்தில் சொன்னான்.

இரண்டாவது முறை போலீஸ் அம்மா முன்னால் விரலை வைத்தபோது, போன தடவையைவிட மோசம், வைத்த உடனேயே பத்துக்கும் சிவப்பு எரிந்தது. போலீஸ் அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவனையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். "க்ரீம்தான் தடவினீங்களா, உப்புத்தாள் தேய்ச்சீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கும் புரியலை மேடம்," என்றாள் மனைவி. "முதல் வாரம் ஏறினது, அப்புறம் மளமளன்னு இறங்குது. சாப்பாடு ஏதாவது ஒத்துக்கலையோ என்னவோ."

ரசமட்டம் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தபடி நின்றான். அவன் திருதிருவென்று விழிப்பதை அவள் அன்று கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வேறு க்ரீம் வாங்கிக் கொடுத்தாள்.

குட்டு உடைந்தது அடுத்த வாரம். மாலையில் மனைவி வேலையிலிருந்து வந்தாள். முகம் கழுவினாள், டீ போட்டாள், இரண்டு டம்ளரையும் மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு பார்க்குக்குப் போனீங்களா?"

"பார்க்குக்குப் போயிட்டு வந்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"என்னத்தப் பார்க்கிறது. மரம், குளம், வாத்து."

"வாத்து எத்தனை?"

"ஏழெட்டு இருக்கும்."

"எல்லாம் நல்லா நடக்குதா?"

"நடக்குதே."

"இல்ல, தரை புது டைல்ஸாச்சே. வழுக்கப்போகுதுன்னு கேட்டேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரைத் தூக்கினவன் குடிக்காமல் கீழே வைத்தான்.

"உங்க டீச்சரம்மா இன்னைக்குச் சர்க்கரை பார்க்க வந்தாங்க," என்றாள் அவள். "ஊசியைக் குத்தி எடுக்கறதுக்குள்ள உங்க புராணத்தை முழுசாப் பாடிட்டாங்க. பொன்னான கைம்மா உன் வீட்டுக்காரர் கை, தினமும் வந்து பார்த்துப் பார்த்துச் செய்யறாருன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பொன்னான கைக்கு நான் தினமும் ராத்திரி உட்கார்ந்து க்ரீம் தடவிக்கிட்டு இருக்கேன்!"

அவன் அசடு வழியச் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"உங்களுக்கு வர இஷ்டம் இல்லையா?"

"அப்படி இல்லம்மா. டீச்சர் பாவம், பலகை மேல நின்னுக்கிட்டு..."

"டீச்சரை விடுங்க. ரெண்டு வருஷமா நான் படிச்சப்போ பக்கத்துல உட்கார்ந்து கேள்வி கேட்டது நீங்க. வேலை கிடைச்சதும் தெரு முழுக்கச் சொன்னது நீங்க. இப்போ யாருக்கும் தெரியாம விரலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கறதும் நீங்க. இதுல எந்த ஆளை நான் நம்பறது?"

அவன் மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தான். இத்தனை நாளாகத் தனக்கே சொல்லிக்கொள்ளாததை இப்போது அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

"இங்க எந்தத் தெருவுல நடந்தாலும், இந்த வீட்டுத் தரை நான் போட்டது, அந்தக் கடை வாசல் நான் போட்டதுன்னு ஒரு நினைப்பு ஓடும். அங்க போனா நீ காலையில வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவ. நான் பால்கனியில நின்னு டாட்டா காட்டிட்டு வந்து டம்ளர் அடுக்கணும். இந்த ஒரு மாசமே எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சும்மா. அங்க என் கை எனக்கு எதுக்குன்னு தெரியலை."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மட்டும் பயமில்லைன்னு நினைச்சீங்களா? அவங்க வேகமாப் பேசினா எனக்குப் பாதிதான் புரியும். ரத்தம் அங்கேயும் சிவப்பாத்தான் இருக்கும்னு ஒரு தைரியத்துல கிளம்பறேன். உங்க தரைக்கு அந்தத் தைரியம்கூட இல்லையா? அந்த ஊர்ல எல்லாரும் அந்தரத்துலயா நடக்கறாங்க?"

அவன் குனிந்து காலடித் தரையைப் பார்த்தான். எல்லோரும் தரையில்தான் நடப்பார்கள் என்பது இத்தனை நாளில் அவனுக்குத் தோன்றவே இல்லை.

"இனிமே நான் பூதக்கண்ணாடியைத் தொட மாட்டேன்," என்று அவள் எழுந்தாள். "விரல் உங்களோடது. வளர்க்கணும்னா வளருங்க, தேய்க்கணும்னா தேயுங்க. எதுன்னு எனக்குச் சொல்லிட்டுச் செய்யுங்க, அவ்வளவுதான்."

சொன்னபடியே செய்தாள். அடுத்த நாளிலிருந்து கையுறையைப் பற்றிப் பேச்சில்லை, கேலியில்லை. சாப்பிட்டீங்களா, விளக்கை அணைக்கவா, அத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜன்னலோரம் வெயில் விழுந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் எதிரில் போய் நின்று, வேண்டுமென்றே கைகளை நீட்டிச் சோம்பல் முறித்தான். அவள் ஒரு சட்டையை எடுத்து அந்த இரண்டு கைகளின் மேலும் போட்டுவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். ஒரு சின்ன நக்கல் பேசியிருந்தால்கூட அவனுக்கு உயிர் வந்திருக்கும்.

அன்று மாலையே டீச்சரம்மா வீட்டுக்குப் போனான். தரை ஒட்டி முடிந்திருந்தது. இடுக்குகளில் வெள்ளை சிமெண்ட் அடைப்பது மட்டும்தான் பாக்கி. விரலால் வழித்துச் செய்கிற வேலை. விரலுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

"டீச்சர், இனிமே நான் தொடக்கூடாது. வெளிநாடு போகணும். கைரேகை வேணும்," என்று உள்ளதைச் சொல்லிவிட்டான்.

டீச்சரம்மா அவன் விரல்களை வாங்கிப் பார்த்தார். "அடப்பாவி, என் தரைக்காகவா இப்படி? முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீ நாற்காலி போட்டு உட்காரு. நான் அடைக்கறேன்."

அப்படியாக, அடுத்த இரண்டு நாளும் ரசமட்டம் குளியலறை வாசலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டீச்சரம்மா கீழே சின்ன முக்காலி போட்டுக்கொண்டு கையுறையோடு இடுக்கு அடைத்தார். "கொஞ்சம் அழுத்தி டீச்சர்... அங்க விட்டுட்டீங்க டீச்சர்... ஈரத் துணியால உடனே துடைங்க டீச்சர்" என்று அவன் சொல்லச் சொல்ல, "நானும் முப்பது வருஷம் இப்படித்தான் பிள்ளைங்க உயிரை வாங்கியிருப்பேன் போல" என்று முனகிக்கொண்டே செய்தார். ஆனால் கரும்பலகையில் கோடு போட்டுப் போட்டுப் பழகிய கை. வேலை முடிந்ததும் ரசமட்டம் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ பார்த்தான். கிடைக்காததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். "வளர்க்கறேன்."

"என்னத்தை? மீசையையா?"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் வீட்டில் மாதக்கணக்கில் ஒரு தவம் நடந்தது. அவன் பாத்திரத்தைத் தொடவில்லை, செங்கலைத் தொடவில்லை. பகலில் அந்த ஊர் மொழியில் டைல்ஸுக்கு என்ன, சிமெண்டுக்கு என்ன, சுத்தியலுக்கு என்ன என்று போனில் போட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தான். மனைவி சொல்லிக்கொடுத்த வணக்கமும் நன்றியும் அவன் நாக்கில் நிற்கவில்லை, 'மூலையில் ஓட்டை விழுந்திருக்கிறது' மட்டும் சுத்தமாக வந்தது. நிஜமாகவே பூங்காவுக்கும் போய்வந்தான். வாத்து ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது முறை. மச்சினனும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தான். "என் வெந்நீர், என் உழைப்பு. ரிசல்ட்டை நான் நேர்ல பார்க்கணும்" என்று அடம் பிடித்தான். போலீஸ் அம்மா மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "ஊர்வலமா வந்திருக்கீங்க. மேளம் மட்டும்தான் பாக்கி" என்றார்.

இடது கை ஐந்தும் பச்சை. வலது கையில் நான்கு பச்சை. வலது கட்டை விரல் சிவப்பு.

மறுபடி வைத்தான், சிவப்பு. அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது. மச்சினன் முன்னால் வந்து அந்த விரலைப் பிடித்து, தன் கழுத்துத் துண்டால் ஒற்றி, தன் கடையில் கன்னத்தைத் தேய்ப்பதுபோல அடிமுதல் நுனிவரை நீவிவிட்டான். "மாமா, சிமெண்டை நினைக்காதீங்க. வேற ஏதாவது நினைங்க." போலீஸ் அம்மா அதட்டினார்: "தள்ளி நில்லுப்பா, இது போலீஸ் ஆபீஸ்." அதட்டிவிட்டு, அவரே ரசமட்டத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, நீங்க தரையில ஓடு பதிக்கிற மாதிரி அழுத்தறீங்க. வேண்டாம். பூ வைக்கிற மாதிரி வைங்க."

ரசமட்டம் மூச்சை விட்டான். கட்டை விரலை மெதுவாக வைத்தான். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பச்சை.

மச்சினன் கைதட்ட, பக்கத்து அறையிலிருந்து ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். மனைவி அந்தக் கட்டை விரலை மட்டும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். படியிறங்கி முடிக்கும் வரை விடவில்லை. இறங்கிய பிறகுதான், "இனிமே ஜாக்கிரதை. என் கைப்பையில கை வச்சாக்கூடத் தெரிஞ்சிடும்" என்றாள்.

சில வாரங்களில் சான்றிதழ் வந்தது. அவன்மீது எந்த வழக்கும் இல்லை, எந்தப் புகாரும் இல்லை, எச்சரிக்கைகூட இல்லை. மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள். அவன் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் படிப்பது போல இருந்தது அவனுக்கு.

இரண்டு பேருடையதையும் சேர்த்து அனுப்புவதற்காக, முன்பே வந்துவிட்ட தன்னுடையதை அவள் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன?"

"ஆறு மாசம்தான் செல்லுமாம். என்னோடது அடுத்த வாரம் முடியுது."

இவன் விரல் வளர்வதற்குள் அவளுடைய சான்றிதழ் கிழவியாகிவிட்டிருந்தது. மறுபடி மாடியேற வேண்டியதாயிற்று. இந்த முறை சுவரோரத்து பெஞ்சில் ரசமட்டம் உட்கார்ந்திருந்தான், மெஷின் முன்னால் மனைவி. போலீஸ் அம்மா விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"போன தடவைக்கு அப்புறம் உன்மேல ஏதாவது கேஸ், தகராறு?"

"இல்லைங்க மேடம்."

"ஒண்ணு இருக்கு மேடம்," என்றான் ரசமட்டம் பெஞ்சிலிருந்து. "வீட்டுக்காரனை மிரட்டின கேஸ். பார்த்த சாட்சி நான்தான்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் இப்படி ஒன்று வந்து அவள் கேட்டதில்லை. அவனுக்கும் திடுக்கென்று இருந்தது. சொல்லிவிட்டு, போலீஸ் அலுவலகத்தில் இப்படிப் பேசலாமா என்று பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதுக்கெல்லாம் ஃபைல் போட்டா இந்தக் கட்டடம் போதாது தம்பி," என்றார் போலீஸ் அம்மா. "எங்க வீட்டுது மட்டுமே ஒரு அலமாரி வரும்."

மனைவி சிரித்த சிரிப்பில் விரல் நழுவி, அவளுக்கு முதல் தடவையாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தாள், பச்சை.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கட்டடத்தின் முகப்பில் ஒதுங்கி நின்றார்கள். எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் நனைந்துகொண்டு நின்றது. அவள் பையைத் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தாள், பிறகு இறக்கினாள்.

"இப்பவும் பயமா இருக்கா உங்களுக்கு?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது என்பது இருவருக்கும் தெரிந்த விஷயம்.

"இருக்கு."

"எனக்கும்."

"அப்போ சரி," என்றான் அவன்.

அவர்களுடைய பேருந்து திருப்பத்தில் தெரிந்தது. இருவரும் மழையில் இறங்கி ஓடினார்கள்.